லாண்டரிகள் கைவிட்ட பதினொரு துணிகள்

எங்கள் அண்ணி ஒரு கல்லுளிமங்கி. இதை நான் முதுகுக்குப் பின்னால் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். முகத்துக்கு நேராகவே பல முறை சொல்லியிருக்கிறேன். "சரி" என்பார். அதுவும் வீணாக ஒரு சொல் செலவாகிவிட்டதே என்ற முகத்தோடு.

நான் அதற்கு நேர் எதிர். பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள். எனக்கு ஓட்டைவாய் என்பது ஊரறிந்த விஷயம். எங்கள் அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். வேலையிடத்திலாவது மேலே கீழே போய்வருவார், வீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் அசைய முடியாமல் மாட்டிக்கொண்டவர். "ஒருத்தி வாயத் திறக்க மாட்டேங்கிறா, இன்னொருத்தி மூட மாட்டேங்கிறா" என்று அவர் புலம்பாத நாள் இல்லை.

அண்ணி எப்படிச் சொந்தத் தொழில் தொடங்கினார் என்பதை அண்ணி சொல்லமாட்டார். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? நான் சொல்கிறேன்.

பதினான்கு வருடம் அவர் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். ஹோட்டலுக்கு அடியில், சன்னலே இல்லாத நீளமான கூடம். ஒரு பக்கம் ஆள் உயரச் சலவை இயந்திரங்கள், இன்னொரு பக்கம் ஆவி கக்கும் இஸ்திரி மேசைகள். இரண்டுக்கும் இடையே வெள்ளை விளக்குக்குக் கீழே ஒரு சின்ன மேசை. அதற்குக் கறை மேசை என்று பெயர். இயந்திரத்துக்கு மசியாத கறையெல்லாம் அந்த மேசைக்கு வரும். அந்த மேசை அண்ணியுடையது. எதற்குக் குளிர்ந்த நீர், எதற்கு வெந்நீர், எதைத் துணியின் பின்பக்கத்திலிருந்து ஒற்ற வேண்டும், எதை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். ஒரு மெல்லிய பிரஷ், ஒரு மரக்கரண்டி, கொஞ்சம் பஞ்சு, ஐந்தாறு குப்பிகள். இவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள்.

அந்தக் கூடத்தில் சேர்ந்த முதல் நாளே எல்லாருக்கும் சொல்லப்படும் விதி ஒன்று உண்டு. துணியில் கண்டதை வாயால் சொல்லக்கூடாது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ஒரு தலையணை உறையைப் பார்த்தாலே அந்த அறையில் யார் அழுதார்கள், யாருக்கு மூக்கில் ரத்தம் வந்தது, யார் எதைத் துடைத்து மறைக்கப் பார்த்தார்கள் என்பது தெரிந்துவிடுமாம். மற்றவர்கள் அந்த விதியைக் கூடத்து வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எங்கள் அண்ணி அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

ஒருமுறை பெரிய பாடகர் ஒருவர் அந்த ஹோட்டலில் தங்கினார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அண்ணி, அவரோட சட்டை உங்க மேசைக்கு வந்துச்சாமே. என்ன இருந்துச்சு அதுல?"

"பொத்தான் இருந்துச்சு" என்றார் அண்ணி.

இப்படிப்பட்டவரோடு ஒரே வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவது, நீங்களே சொல்லுங்கள்.

போன வருடக் கடைசியில் ஹோட்டல்காரர்கள் சலவைப் பிரிவையே மூடிவிட்டார்கள். துணியெல்லாம் இனிமேல் வெளியே ஒரு தொழிற்சாலைக்குப் போகும் என்று அறிவித்தார்கள். அண்ணி பிரஷையும் மரக்கரண்டியையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அழவில்லை, திட்டவில்லை. இரண்டு நாள் வீட்டிலிருந்த திரைச்சீலைகளையெல்லாம் கழற்றித் துவைத்தார். மூன்றாவது நாள் என் தலையணை உறையை உருவ வந்தபோதுதான் அவருக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்குப் புரிந்தது.

பிறகு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வேலை உண்டு, அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும், வருகிறீர்களா இல்லையா என்பதை முந்தின வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்றார்களாம். அங்கே கறை மேசை கிடையாது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அவித்து எடுப்பார்கள். கறை போகவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று அண்ணி கேட்டிருக்கிறார். கிழித்துத் தரை துடைக்கப் போட்டுவிடுவோம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் தனியாப் பண்ணலாம்னு இருக்கேன்."

அண்ணன் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது. நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"எத அண்ணி? கறை எடுக்கிறதையா? கடையா? எங்க? எப்ப? பேரு என்ன வைக்கலாம்?"

"மொதல்ல உக்காரு" என்றார் அண்ணி.

எனக்கு எப்படி உட்கார வரும்? கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் தனக்காக எதையும் கேட்டதில்லை. மறுநாளே எங்கள் மாடிப்படிகளில் இருந்த அத்தனை கதவுகளையும் தட்டி, எடுக்க முடியாத கறை இருந்தால் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாளில் எங்கள் குளியலறை எங்களுடையதாக இல்லை. வாளி மேல் வாளி, ஒவ்வொன்றிலும் "தொடாதே" என்று ஒரு சீட்டு. அண்ணன் வேலை பார்க்கும் கட்டடத்திலேயே குளித்துவிட்டு வந்தார். நான் ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் கறை பிரஷை எடுத்துப் பல் விளக்கிவிட்டேன். பல் என்னவோ பளிச்சென்றுதான் இருந்தது.

கீழ் வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தார். "தண்ணி பூரா உங்க வீட்டுக்கே போகுது. எனக்கு மொகம் கழுவக்கூட சொட்டல. வீட்டுல குடியிருக்கலாம், தொழில் பண்ணக் கூடாது. மாசக் கடைசிக்குள்ள நிறுத்திடுங்க." அவர்மேல் தப்பில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அவரோடு அரை மணி நேரம் சண்டை போட்டேன்.

ஆக, அண்ணிக்கு வேண்டியது ஒரு குழாய், ஒரு வடிகால், ஒரு நல்ல விளக்கு. அவ்வளவுதான். அது எங்கே கிடைக்கும் என்பது என் சன்னலுக்கு எதிர்த் தூணிலேயே இரண்டு வருடமாக ஒட்டியிருந்தது. "சொந்தத் தொழில் தொடங்க ஆசையா? புதன்கிழமை வாருங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. சிறுதொழில் உதவி மையம்." தினமும் பார்த்ததால் அது என் கண்ணில் படவேயில்லை. அன்று பட்டது. வரிசையில் நின்றவரிடம், "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் அந்த எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு வந்தேன். அந்த ஆள் பேருந்தைத் தவறவிட்டார். இருக்கட்டும்.

மையம் இருந்தது ஒரு பழைய கிடங்கில். மேலே வகுப்பறையும் அலுவலகமும். கீழே ஒரே வரிசையில் எட்டு அறைகள். எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. ஒன்றில் செருப்புத் தைக்கிறார்கள், ஒன்றில் பெட்டிகளுக்கு அட்டை வெட்டுகிறார்கள், ஒன்றில் மிதிவண்டிச் சக்கரங்கள் தொங்குகின்றன. கடைசி அறையிலிருந்து ரொட்டி வாசனை. எனக்கு அங்கேயே கால் தரையில் பாவவில்லை. எங்களைப் பார்த்தவர் ஆலோசகர் அம்மா. கக்கத்தில் எப்போதும் ஒரு கோப்பு இருந்ததால் நான் அவருக்குக் கோப்பு மேடம் என்று பெயர் வைத்தேன்.

"என்ன தொழில்?" என்று கேட்டார் கோப்பு மேடம்.

"கறை எடுக்கிறது" என்றார் அண்ணி.

"யாருக்கு?"

"கறை பட்டவங்களுக்கு."

மேடம் சிரித்துவிட்டார். "அது எல்லாரும்தாம்மா. எல்லாருக்கும்னு கடை போட்டா யாரும் வர மாட்டாங்க. மொதல்ல யார் கதவத் தட்டுவீங்க? அதச் சொல்லுங்க."

அண்ணி அந்தக் கேள்வியோடு வீடு திரும்பினார். அடுத்த புதன்கிழமையும் போனார், அதற்கு அடுத்ததும் போனார். ஒரு வகுப்பில் உரிமம் எங்கே வாங்குவது, எந்தப் படிவத்துக்கு எந்த அலுவலகம் என்று சொன்னார்கள். ஒரு வகுப்பில் எந்தக் குப்பியில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும், அழுக்குத் தண்ணீரை எங்கே விடலாம் எங்கே விடக்கூடாது என்று ஒருவர் வந்து விளக்கினார். நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல அங்கே கருவி எடுக்கலாம். அண்ணி ஓர் ஆவி இஸ்திரி இயந்திரத்தை இரண்டு வாரத்துக்கு வாங்கிவந்தார். நானும் அண்ணனும் அதை மூன்று மாடி தூக்கினோம். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பதை அவர் ஒவ்வொரு படியிலும் சொல்லிக்கொண்டே வந்தார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கீழே இருந்த அறைகள். தேர்ந்தெடுக்கப்படுகிறவர்களுக்கு ஆறு மாதம் வாடகையில்லாமல் ஓர் அறை. குழாயும் வடிகாலும் இருந்தது ரொட்டிக்காரர் இருந்த கடைசி அறையில் மட்டும்தான். அவர் சொந்தக் கடை பிடித்துவிட்டதால் அது காலியாகப் போகிறது. அதற்கு விண்ணப்பித்தவர்கள் இரண்டு பேர். ஒன்று அண்ணி, இன்னொன்று சோப்புக் காய்ச்சும் ஓர் அக்கா தங்கை. தேர்வுக்குழு கூடும் நாள் வெள்ளிக்கிழமை. மருத்துவமனைக்குப் பதில் சொல்ல வேண்டிய அதே வெள்ளிக்கிழமை.

கோப்பு மேடம் கேட்ட கேள்விக்கு அண்ணிக்குப் பேருந்தில் பதில் கிடைத்தது. திடீரென்று என் கையைப் பிடித்தார். "லாண்டரி" என்றார்.

"என்ன லாண்டரி?"

"அவங்களால முடியாதது என்கிட்ட வரட்டும்."

நான் பேருந்திலேயே கத்திவிட்டேன். எவ்வளவு எளிதான விஷயம்! வீடு வீடாக அலைய வேண்டாம். ஊரிலிருக்கும் ஒவ்வொரு லாண்டரியிலும் போகாத கறை என்று ஒதுக்கிய துணிகள் ஒரு மூட்டையாவது கிடக்கும். "கறை போகவில்லை, கடை பொறுப்பல்ல" என்று ஒரு சீட்டை ஊசியால் குத்தித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வாடிக்கையாளர் கடையை நொந்துகொண்டு போவார். அந்தத் துணிகள்தான் அண்ணியின் தொழில்.

நானும் அண்ணியும் லாண்டரி லாண்டரியாக ஏறி இறங்கினோம். முதல் கடையில் உள்ளேயே விடவில்லை. இரண்டாவது கடைக்காரர் சிரித்தார். பிறகு நான்கு கடைகளில் ஒப்புக்கொண்டார்கள். கடைக்கு மூன்று துணி, சோதனைக்காக. அதில் தெருமுனை லாண்டரிக்காரர்தான் ரொம்பவும் இழுத்தடித்தார். "வெளியாள் கையில துணி குடுக்கிறதில்லம்மா. ஒருத்தன்கிட்டக் குடுத்துப் பட்டது போதும்" என்றார். நான் பேசிப் பேசி அவரைக் கரைத்தேன். கடைசியில் என் வாய் அடங்கினால் போதும் என்றுதான் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு துணிகள் சீட்டோடு வீடு வந்தன. கோட்டு, வெள்ளைச் சட்டை, மேசைவிரிப்பு, குழந்தையின் கவுன், இன்னும் என்னென்னவோ. அண்ணி ஒவ்வொன்றையும் சன்னல் வெளிச்சத்தில் விரித்து, முகர்ந்து, விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பச்சைச் சட்டையை மட்டும் அன்றைக்கே தெருமுனை லாண்டரிக்குத் திருப்பிக் கொண்டுபோனார். "இது கறை இல்லீங்க. சாயமே போயிருக்கு. நான் தொட்டா இன்னும் கெட்டுரும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். மீதி பதினொன்றோடு அந்த வாரம் முழுக்க மல்லுக்கட்டினார். ஒற்றினார், ஊறவைத்தார், காத்திருந்தார், மறுபடியும் ஒற்றினார். ஒரு கறை விட்டுக்கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாய் திறக்காத அந்த மனுஷி அப்போது மெல்ல முணுமுணுத்துப் பாடுவார். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று நான் அதைக் கேட்டிருக்கிறேன்.

கோப்பு மேடம் முன்பே எச்சரித்திருந்தார். "தேர்வுக்குழுவுக்கு வேலை கண்ணுல தெரியணும். கறை இருக்கும்போதே ஒரு படம் எடுத்துக்குங்க. ரெண்டு மூனு துணியில பாதிக் கறைய எடுத்துட்டுப் பாதிய விட்டு வைங்க. அப்பத்தான் வித்தியாசம் தெரியும்."

படம் எடுக்க நான் செல்பேசியோடு போனேன். அண்ணி துணியை மடித்துவிட்டார். அடுத்தவர் கறையைப் படம் எடுப்பதாவது என்று அவர் முகமே சொன்னது. சரி, பாதிக் கறையாவது மிஞ்சட்டும் என்று மன்றாடினேன். "பார்க்கலாம்" என்றார். வியாழக்கிழமை மாலை மூன்று துணிகளில் பாதிக் கறை பத்திரமாக இருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பையைத் திறந்தால் பதினொரு துணிகளும் படு சுத்தம். ஒரு புள்ளி இல்லை, ஒரு நிழல்கூட இல்லை.

"அண்ணி! எங்க கறை?"

"போயிருச்சு."

"எப்படிப் போச்சு?"

"காலையில எந்திரிச்சேன். மனசு கேக்கல." அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். "அடுத்தவங்க துணி. பாதியில எப்படி விடறது?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கறை எடுக்கிறவளைத் தவிர உலகத்தில் யாரும் இப்படி ஒரு காரியம் செய்யமாட்டார்கள். வேலையைச் சுத்தமாக முடித்து, வேலை செய்ததற்கான அடையாளத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். அண்ணனோ, "சுத்தமா இருக்கே, நல்லதுதானே?" என்று கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மையத்தில் எங்களுக்கு முன்னால் சோப்பு அக்கா தங்கையை அழைத்தார்கள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது. அவர்கள் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து தேர்வுக்குழுவின் கைகளையே கழுவவைத்தார்கள். நுரை, வாசனை, சிரிப்பு. எங்களிடம் என்ன இருக்கிறது? மடித்த துணிகள்.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: மையத்தின் தலைவர், ஒரு வங்கி அதிகாரி அம்மா, அறையைக் காலி செய்த ரொட்டிக்காரர். கோப்பு மேடம் ஓரமாக நின்றார். அண்ணி பதினொரு துணிகளையும் மேசையில் அடுக்கினார். எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"நல்லா இஸ்திரி போட்டிருக்கீங்க" என்றார் தலைவர், பாவம்.

"இதுல கறை எங்க இருந்துச்சும்மா?" என்று ரொட்டிக்காரர் ஒரு சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருந்துச்சு" என்றார் அண்ணி.

"என்ன கறை?"

"அது சொல்ல மாட்டேங்க."

வங்கி அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லாம எப்படிம்மா நாங்க முடிவு பண்றது? படம் இருக்கா?"

"இல்லீங்க."

"சரி, யாரோட துணி? அதையாவது சொல்லுங்க."

"கடைச் சீட்டு இருக்குங்க. அதுக்கு மேல எனக்குத் தெரிஞ்சாலும் சொல்லக்கூடாது."

எனக்குத் தாங்கவில்லை. ஒரு அறை, ஒரு குழாய், ஆறு மாதம் எல்லாம் கண்முன்னே கைநழுவிப் போகிறது. எனக்கோ அந்த வெள்ளைச் சட்டையில் என்ன இருந்தது என்று தெரியும். பையிலிருந்து எடுக்கும்போதே பார்த்திருந்தேன், சட்டையின் பையில் தைத்திருந்த இரண்டு எழுத்தையும் பார்த்திருந்தேன், அது யார் என்றும் ஊகித்திருந்தேன். "நான் சொல்றேன் சார், அந்த வெள்ளைச் சட்டையில..." என்று ஆரம்பித்தேன்.

அண்ணி என் கையைப் பிடித்தார். அழுத்தவில்லை, கிள்ளவில்லை. "வேணாம்" என்றார். "எடம் போனாப் போகட்டும்."

அந்த அறைக்கு அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும். வகுப்பு முடிந்து போகும்போதெல்லாம் கடைசி அறை வாசலில் நின்று குழாயைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். அதையும் விடத் தயாராக நின்றார். பிறந்ததிலிருந்து முதல்முறையாக நான் பாதி வாக்கியத்தில் வாயை மூடினேன்.

வங்கி அதிகாரி சட்டையில் குத்தியிருந்த சீட்டைக் கையில் எடுத்தார். "சீட்டு யார் வேணா எழுதலாம்" என்றார். அதில் தெருமுனை லாண்டரியின் எண் அச்சாகியிருந்தது. தன் செல்பேசியில் அதை அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். அந்த மனிதர் நல்ல வார்த்தை பேசி நான் கேட்டதேயில்லை.

"வெள்ளச் சட்டையா?" என்றது லாண்டரிக்காரரின் குரல். "ஆமா, நான்தான் சீட்டு போட்டேன். அது போகாது மேடம். நானே மூனு தடவை போட்டுப் பார்த்தேன்."

"போயிருக்கு" என்றார் அதிகாரி.

"போச்சா?" நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "கோட்டு?"

"அதுவும்தான்."

"ரெண்டுமேவா?"

"எல்லாமே சுத்தமா இருக்கு. ஆனா என்ன கறைன்னு இவங்க சொல்ல மாட்டேங்கிறாங்க. அதான் எங்களுக்குப் பிரச்சனை."

லாண்டரிக்காரரின் குரல் உயர்ந்தது.

"உங்ககிட்டயேவா சொல்லல? எடம் குடுக்கப் போற உங்ககிட்டயேவா?"

"இல்ல."

"மேடம், இதக் கேளுங்க. இதுக்கு முன்னாடி ஒருத்தன்கிட்ட துணி குடுத்தேன். நல்லாத்தான் எடுத்தான், குத்தம் சொல்ல முடியாது. ஆனா யார் சட்டையில என்ன இருந்துச்சுன்னு டீக்கடையில உக்காந்து சொல்லிட்டான். ரெண்டு குடும்பம் என் கடை வாசல்ல வந்து நின்னு கத்துச்சு. அன்னிக்கு விட்டுப் போன ஆளுங்க இன்னும் என் கடைப்பக்கம் திரும்பல. அதனாலதான் வெளிய குடுக்கிறதையே நிறுத்தினேன். கறை எடுக்கிற கை எங்கயாவது கெடைக்கும் மேடம். இந்த வாய் கெடைக்காது. பச்சைச் சட்டைய முடியாதுன்னு அன்னிக்கே திருப்பிக் குடுத்தப்பவே இந்தம்மா சரியான ஆளுன்னு நெனச்சேன். எடம் குடுங்க. திங்கக்கிழமையிலேர்ந்து என் கடையில ஒதுக்குற துணி பூரா அவங்களுக்குத்தான். பக்கத்துத் தெரு லாண்டரிக்கும் நானே சொல்றேன்."

ரொட்டிக்காரர் மேசையைத் தட்டினார். கோப்பு மேடம் கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. நான் இன்னும் நாலு சொல் பேசியிருந்தால் எல்லாம் போயிருக்கும். அண்ணியின் தொழிலை, அது பிறப்பதற்குள் நானே முடித்து வைத்திருப்பேன்.

நான்கு மணிக்கு முடிவு சொல்வதாக எங்களை வெளியே அனுப்பினார்கள். தாழ்வாரத்துப் பலகையில் நாங்கள், எதிரே சோப்பு அக்கா தங்கை. மூத்தவள் இளையவளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர்களும் எங்களைப் போல வீட்டை நாறடித்து விரட்டப்பட்டவர்கள்தானாம். நான்கு அடித்தது. நான்கே கால். நான்கு இருபது. அண்ணன் செல்பேசியில் இரண்டு முறை கூப்பிட்டபோதும் நான் எடுக்கவில்லை.

நாலரைக்குக் கோப்பு மேடம் வந்தார். கையில் கோப்பு இல்லை. முதல்முறையாக அவரை அது இல்லாமல் பார்த்தேன். ஒரு சாவி இருந்தது.

"மிதிவண்டிக்காரர் ரெண்டு மாசத்துல காலி பண்றாரு. அங்க குழாய் போட்டு உங்களுக்குத் தரோம்" என்று சோப்பு அக்காவிடம் சொன்னார். பிறகு திரும்பி, சாவியை அண்ணியின் உள்ளங்கையில் வைத்தார். "கடைசி அறை. ஆறு மாசம். உரிமத்துக்குப் படிவம் திங்கக்கிழமை நானே நெரப்பித் தரேன்."

நான் போட்ட கூச்சலில் செருப்புத் தைக்கிறவர் ஓடிவந்தார். சோப்புத் தங்கை என்னைக் கட்டிக்கொண்டாள், நான் கோப்பு மேடத்தைக் கட்டிக்கொண்டேன், யார் யாரைக் கட்டிக்கொண்டோம் என்று கணக்கில்லை. அண்ணியைத் தேடினால் ஆளைக் காணோம். கடைசி அறைக்கு ஓடினேன். மாவு வாசனை இன்னும் போகாத அந்த அறையில் அண்ணி குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றார். முகம் முழுக்கக் கண்ணீர். துடைக்கக்கூட இல்லை.

"அண்ணி, மணி அஞ்சாகப் போகுது. மருத்துவமனைக்குச் சொல்லணும். நான் பேசட்டுமா?"

"நீ குடு. நானே பேசறேன்."

குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு என் செல்பேசியை வாங்கினார். மேற்பார்வையாளரின் குரல் எனக்கும் கேட்டது.

"ஒன்னாந்தேதி வர்றீங்கதானே?"

"வரலங்க."

"ஏன், வேற எடத்துல வேலை கெடச்சிருச்சா?"

"ஆமாங்க."

"நல்லதும்மா. யார்கிட்ட?"

அண்ணி அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"என்கிட்டதான்" என்றார்.